ஒரு சாண் தள்ளி நின்ற கை

அப்பாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்து, சாப்பாடு முடித்து, இந்தச் சிறு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். இப்படியான மலர்களில் மறைந்தவரைக் குறையே இல்லாத மனிதராக்கி விடுவது எங்கள் வழக்கம். அப்பா அதை விரும்ப மாட்டார். மற்றவர்களின் மலர்களை வாசித்துவிட்டு, "இந்த மனிசன் இவ்வளவு நல்லவர் எண்டு உயிரோடை இருக்கேக்கை எனக்குத் தெரியாமல் போச்சே" என்று சிரிப்பவர் அவர். ஆகவே அவர் விட்ட ஒரு பெரிய பிழையையும் சேர்த்தே எழுதுகிறேன். எழுதச் சொன்னவரும் அவர்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. இறுதிக் கிரியை அன்று மண்டபத்தின் கடைசி வரிசையில் ஏழு டெனிஷ் முதியவர்கள் இருந்தார்கள். "ஆர் தம்பி இவை? அப்பாவோடை வேலை செய்தவையோ?" என்று உங்களில் பலர் கேட்டீர்கள். இருந்த நிலையில் ஓம் என்று தலையாட்டி விட்டேன். அது சரியல்ல. அவர்களில் ஒருவர் என் மனைவியின் தகப்பனார். மற்ற ஆறு பேரும் அவருடைய நண்பர்கள். எல்லோரும் கோபன்ஹேகனில் வாழும் யூதர்கள். யூலாந்துப் பக்கம் இக்காஸ்டில் வாழ்ந்த ஒரு தமிழருக்காக அவர்கள் ஏன் காலையிலேயே ரயில் ஏறி வந்தார்கள் என்பதை உங்களுக்குச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

அப்பா பருத்தித்துறைக்கு அடுத்த புலோலியில் ஐந்து பிள்ளைகளில் மூன்றாமவராகப் பிறந்தார். தபால் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்தார். நாட்டு நிலைமை மோசமானபோது அம்மாவையும் கைக்குழந்தையான என்னையும் விட்டுவிட்டு டென்மார்க் வந்து சேர்ந்தார். எங்களைக் கூப்பிட மூன்று வருடம் எடுத்தது. விமான நிலையத்தில் நான் அவரைப் பார்த்து "மாமா" என்றேனாம். பிறகு எந்தச் சண்டை வந்தாலும், "என்னை மாமா எண்டனியெல்லோ" என்பதில்தான் அவர் முடிப்பார்.

இக்காஸ்டில் பின்னல் தொழிற்சாலையில் இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்தார். இயந்திரத்தில் நூல் அறுந்தால் ஓடிப்போய் முடிச்சுப் போடுவது அவர் வேலை. அந்த முடிச்சு ஊசியில் சிக்காத அளவுக்குச் சிறியதாக இருக்க வேண்டும். இழுத்தால் இன்னும் இறுக வேண்டுமே தவிர அவிழக் கூடாது. அப்பா அதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்வார். சிறுவயதில் என் சப்பாத்து நூலை அவர் முடிந்துவிட்டால் பின்னேரம் கத்தரிக்கோல் தேவைப்படும். தொழிற்சாலை மூடப்பட்ட பிறகு முதியோர் இல்லமொன்றில் துப்புரவு வேலைக்குப் போனார். அம்மாவுக்குப் புற்றுநோய் வந்தபோது அந்த வேலையையும் விட்டுவிட்டுப் பக்கத்திலேயே இருந்தார். அம்மா போன பிறகு தனியாகச் சமைக்கப் பழகினார். அவருடைய பருப்பைச் சாப்பிட்டவர்களுக்கு, அவர் அதை முழுதாகப் பழகவில்லை என்பதும் தெரியும்.

நான் ஒரு யூதப் பெண்ணை மணக்கப் போகிறேன் என்றபோது அப்பா நாலு மாதம் என்னோடு கதைக்கவில்லை. அந்தப் பக்கத்தில் அவளுடைய தகப்பனாரும் அவளோடு கதைக்கவில்லை என்று அறிந்தபோதுதான் அப்பாவுக்குக் கொஞ்சம் மனம் இளகியது. "அந்தாளுக்கு என்ன குறையாம் எங்களிலை?" என்று கேட்டார். முதல் சந்திப்பில் இருவரும் இரண்டு மணித்தியாலம் மழையைப் பற்றியே கதைத்தார்கள். அப்பாவினுடையது தொழிற்சாலையில் பொறுக்கிய யூலாந்து டெனிஷ். மற்றவருடையது மருந்துக்கடைக்காரரின் கோபன்ஹேகன் டெனிஷ். "மனிசன் பாதிச் சொல்லை விழுங்கிப் போட்டு மிச்சத்தைத்தான் எனக்குத் தாறார்" என்று அப்பா சொன்னார். இருந்தாலும் அன்றைக்கே அவரைச் சம்பந்தி என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார். அவரும் அந்தச் சொல்லைப் பழகிக்கொண்டு அப்பாவை அப்படியே கூப்பிட்டார். அவர்கள் டெனிஷில் கதைத்ததை நான் இங்கே எங்கள் தமிழிலேயே எழுதுகிறேன்.

எங்கள் மகள் லேயா நாங்கள் வாழும் ஓல்போர்க்கில் பிறந்தாள். மூன்று வயதில் அவளுக்கு ஓட்டிசம் என்று சொன்னார்கள். பேச்சு வரவில்லை. எதிர்பாராத தொடுகை அவளுக்கு நெருப்பு மாதிரி, முக்கியமாகத் தலையில். அப்பா முதலில் நம்பவில்லை. "நீயும் பிந்தித்தான் கதைச்சனி. இப்ப வாய் மூடுறியோ?" என்றார். எங்கள் இரத்தத்தில் இப்படி ஒருத்தரும் இல்லை என்றும் சொன்னார். இந்த வசனத்தை இந்த மண்டபத்தில் இருக்கும் வேறு சிலரும் எங்களுக்குச் சொல்லியிருக்கிறீர்கள். நான் இப்போது கோபத்தில் இல்லை.

சம்பந்தி ஐயாவும் சம்பந்தி அம்மாவும் மாதம் ஒரு முறை வெள்ளிக்கிழமைக்கு எங்கள் வீட்டுக்கு வருவார்கள். அவர்களுடைய ஓய்வுநாள் வெள்ளி மாலை தொடங்கும். மெழுகுவர்த்தி ஏற்றி, சாப்பிடுவதற்கு முன் வீட்டுப் பெரியவர் பிள்ளைகளின் தலையில் இரண்டு கையும் வைத்து எபிரேய மொழியில் வாழ்த்துவார். சம்பந்தி ஐயாவின் தகப்பனார் அவருக்குச் செய்தது. அவர் என் மனைவிக்குச் செய்தது. லேயா குழந்தையாக இருக்கும்வரை பொறுத்துக்கொண்டாள். ஐந்து வயதில் ஒரு வெள்ளிக்கிழமை அவர் கை வைத்ததும் அவள் அலறியபடி மேசைக்குக் கீழே போய்விட்டாள். ஒரு மணித்தியாலம் நிறுத்தவில்லை. சம்பந்தி ஐயா கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே போய்ப் படிக்கட்டில் இருந்தார். அடுத்த மாதம் வரவில்லை. அதற்கு அடுத்த மாதமும் வரவில்லை. தொலைபேசியில் தடிமன், காய்ச்சல் என்றார். என் மனைவி தொலைபேசியை வைத்துவிட்டு அழுதாள்.

அதே காலத்தில்தான் மற்றது நடந்தது. எங்கள் இருவருக்கும் வேலை இருந்த ஒரு வார இறுதியில் லேயாவை இக்காஸ்டில் அப்பாவிடம் விட்டிருந்தோம். திரும்பி வந்தபோது அவளுடைய இடது மணிக்கட்டைச் சுற்றி ஒரு சிவப்புக் காயம் இருந்தது. "சொறிஞ்சு போட்டா தம்பி" என்றார் அப்பா. திங்கட்கிழமை பாலர் நிலையத்து ஆசிரியை அந்தக் கையைப் பார்த்துவிட்டு எங்களை உள்ளே கூப்பிட்டார். பண்பாகத்தான் கேட்டார். ஆனால் அது சொறிந்த காயம் இல்லை, ஏதோ கட்டியிருந்த தடம் என்றார். காரணம் தெரியாவிட்டால் கொம்யூன் எனும் நகரசபைக்கு அறிவிப்பது தன் கடமை என்றும் சொன்னார். நான் மருத்துவமனையில் எக்ஸ்ரே பிரிவில் வேலை செய்பவன். அது கட்டின தடம் என்று எனக்கும் தெரிந்தது. அப்பாவிடம் திரும்பவும் கேட்டேன். திரும்பவும் சொறிந்தது என்றார். அந்தக் கிழமை நானும் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் சரியாகப் பார்க்கவில்லை. பிள்ளையை எங்களிடமிருந்து எடுத்துவிடுவார்களோ என்ற பயத்தை வாய்விட்டுச் சொல்லவும் பயந்தோம்.

அடுத்து நடந்ததைச் சம்பந்தி அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். வியாழக்கிழமை மதியம் அப்பா எங்களுக்குச் சொல்லாமல் ரயில் ஏறிக் கோபன்ஹேகனில் அவர்கள் வீட்டு வாசலில் போய் நின்றிருக்கிறார். கோப்பி ஊற்றிக் கொடுத்தார்களாம். அப்பா குடிக்கவில்லை.

"சம்பந்தி, நீங்கள் ஏன் வாறேல்லை? மருமகள் அழுகிறா."

சம்பந்தி ஐயா பதிலாகத் தன் தாய் சொன்ன கதையைச் சொன்னார். இரண்டாம் உலகப் போரில் டென்மார்க்கில் ஜேர்மனியர் யூதரைப் பிடிக்கத் தொடங்கியபோது அவர் கைக்குழந்தை. ஒரு மீன்பிடிப் படகின் அடியில் மறைத்துச் சுவீடனுக்குக் கொண்டுபோனார்கள். குழந்தை அழுதால் எல்லோரும் பிடிபடுவார்கள் என்று டாக்டர் ஊசி போட்டு அவரை மயக்கித்தான் ஏற்றினார்களாம். கரையில் அவர் கண் விழிக்கும்வரை, தன் பிள்ளை உயிரோடு இருக்கிறதோ இல்லையோ என்று தாய்க்குத் தெரியாது.

"பிள்ளை கத்துறதை என்னாலை கேக்க ஏலாது," என்றார் சம்பந்தி ஐயா. "அதுவும் என்ரை கை பட்டுக் கத்துது. நான் போகாமல் விட்டால் அவளுக்கு நிம்மதிதானே."

அப்போதுதான் அப்பா அழுதாராம். அம்மாவின் செத்தவீட்டில்கூட அவர் அழுததை நான் காணவில்லை.

"உங்கட கை ஒண்டும் செய்யேல்லை. என்ரை கைதான் செய்தது," என்றார் அப்பா.

பேத்திக்குப் பேச்சு வரவேண்டும் என்று ஊரிலிருந்து ஒருவர் மூலம் மந்திரித்த நூல் வரவழைத்திருந்தார். எங்களிடம் கேட்டால் மறுப்போம் என்று தெரியும். அந்தச் சனிக்கிழமை அவள் நித்திரையாக இருந்தபோது கையில் கட்டினார். கழற்றிப் போடாமல் இருக்கட்டும் என்று தனக்கு நன்றாகத் தெரிந்த முடிச்சையே போட்டார். அவள் எழும்பிப் பார்த்துவிட்டு இழுத்தாள். இழுக்க இழுக்க அது இறுகியது. கத்தரிக்கோலை அவர் கண்டுபிடித்து வெட்டுவதற்குள் இரத்தம் வந்துவிட்டது. வெட்டிய நூலை ஒரு கடித உறைக்குள் போட்டுக் கோட்டுப் பைக்குள் வைத்திருந்தார். அதை எடுத்து அவர்களுடைய மேசையில் வைத்தார்.

சம்பந்தி ஐயா அந்த நூலைத் தொடவில்லை. திட்டவும் இல்லை. "பிள்ளையளுக்குச் சொன்னனீங்களோ?" என்று மட்டும் கேட்டார்.

"இல்லை. எப்பிடிச் சொல்லுறது?"

"நாளைக்கு நானும் வாறன். சேர்ந்து போவம்."

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. நாலு மணிக்கே இருட்டிவிடும் டிசம்பர். கதவைத் திறந்தால் மழையில் நனைந்தபடி இரண்டு தகப்பன்மாரும் நின்றார்கள். பின்னால் சம்பந்தி அம்மா குடையோடு. இக்காஸ்டில் இருக்க வேண்டியவர் இவர்களோடு எப்படி என்று எனக்கு விளங்கவில்லை. அப்பா சப்பாத்தைக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். அவர் சொல்லும்வரை சம்பந்தி ஐயா அவருடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். என் மனைவி குசினிக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். எனக்கு வந்த கோபத்தில் அப்பாவை அப்படியே திருப்பி அனுப்பியிருப்பேன். இன்றைக்கு இதை எழுதும்போதும் அந்தக் கோபத்தின் அடி எனக்குள் கிடக்கிறது.

அவள் வெளியே வந்து மூன்று விடயம் சொன்னாள். திங்கட்கிழமை அவரே பாலர் நிலையத்துக்குப் போய்ச் சொல்ல வேண்டும். இனி நாங்கள் இல்லாமல் அவரிடம் பிள்ளையை விடமாட்டோம். ஆனால் ஒவ்வொரு வெள்ளியும் அவர் வரவேண்டும்.

"ஓம் பிள்ளை," என்றார் அப்பா. மூன்றுக்கும் ஒரே பதில்தான்.

திங்கட்கிழமை அந்த ஆசிரியைக்கு முன்னால் தன் தொழிற்சாலை டெனிஷில் நூலையும் முடிச்சையும் விளக்கினார். ஆசிரியை எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். பிறகு எங்களிடம் அந்தக் கேள்வி வரவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் அப்பா சாப்பாட்டுக்கு முன் திருநீறு பூசுவார். முன்பெல்லாம் லேயாவைப் பிடித்து வைத்துப் பூசப் பார்ப்பார், அவள் திமிறுவாள். இப்போது முதலில் என் மனைவியிடம் வந்தார். "பிள்ளை, நான் திருநீறைக் கையிலை வைச்சுக்கொண்டு சும்மா இருக்கலாமோ? கிட்டப் போகமாட்டன்." அப்பா ஒரு காரியம் செய்ய முன் அனுமதி கேட்டதை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கண்டேன். பல்கணிக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு குட்டைக் கதிரையில், உள்ளங்கையில் ஒரு சிட்டிகை திருநீறோடு இருப்பார். கால் மணித்தியாலம். அவள் வராவிட்டால் எழும்பிச் சாப்பிட வருவார். கை வலிக்கவில்லையா என்று கேட்டால், "மெசினுக்கு முன்னாலை எட்டு மணித்தியாலம் நிண்டனான்" என்பார்.

ஒன்பதாவது வெள்ளியோ பத்தாவதோ, அவள் வந்தாள். ஒரு விரலால் தொட்டாள், மணந்து பார்த்தாள், கொண்டுபோய் அப்பாவின் மூக்குக் கண்ணாடியில் பூசினாள். அப்பா அசையவில்லை. ஒரு கண்ணால் மட்டும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கடுத்த மாதங்களில் அந்த விரல் கண்ணாடியிலிருந்து நெற்றிக்கு ஏறியது. தன் நெற்றியில் அவள் ஒருநாளும் பூசியதில்லை. அப்பாவும் கேட்கவில்லை.

இதைச் சம்பந்தி ஐயா பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அப்பா தன் பெருவிரலையும் சின்னவிரலையும் விரித்துக் காட்டினார். "ஒரு சாண் விடுங்கோ சம்பந்தி. முன்னாலை நிண்டு, அவ காணக்கூடியதாக் கையைப் பிடியுங்கோ. தொடாதேங்கோ. வாழ்த்து ஒரு சாணைத் தாண்டாதோ?" சம்பந்தி ஐயா அப்படியே செய்தார். இரண்டு கையும் அவள் தலைக்கு மேல் ஒரு சாண் தள்ளி நிற்கும். லேயா சிலநாள் இருப்பாள். சிலநாள் எழும்பிப் போவாள். அலறவில்லை. அவர் ஒரு மாதமும் வராமல் விடவில்லை.

சம்பந்தி அம்மா தங்கள் சமூகத்தில் இப்படியான பேரப்பிள்ளைகள் உள்ள சிலரை அறிவார். அவர்கள் வெளியே சொல்லாமல் இருந்தார்கள். எங்களைப் போலத்தான். மாதம் ஒரு ஞாயிறு தன் வீட்டுக்கு அவர்களைக் கூப்பிடத் தொடங்கினார். அப்பாவும் போனார். முதல் முறை வடை கொண்டுபோனார். அவர்களில் சிலர் தங்கள் சமய முறைப்படி சமைத்ததையே உண்பவர்கள் என்பது அவருக்குத் தெரியாது. அடுத்த முறையிலிருந்து ஒரு பை நிறைய மண்டரின் தோடம்பழம் கொண்டுபோனார். அங்கே அவர் செய்ததெல்லாம், அந்த நூலை மேசையில் வைத்து நடந்ததைச் சொன்னதுதான். அதற்குப் பிறகு மற்றவர்கள் தாங்கள் செய்ததைச் சொல்லத் தொடங்கினார்களாம். ஒருவர் பேரனின் சக்கர நாற்காலியைக் குடும்பப் படத்திலிருந்து மறைத்திருந்தார். இன்னொருவர் பேரப்பிள்ளை இப்படி இருப்பது மகளின் வளர்ப்புப் பிழை என்று சொல்லி அவளோடு கதைப்பதையே விட்டிருந்தார். "போய் உங்கட பிள்ளையிட்டைக் கேளுங்கோ, நான் என்ன செய்யவேணும் எண்டு," என்பதுதான் அப்பா அவர்களுக்குச் சொன்ன ஒரே புத்தி. "நாங்கள் கேக்காமல் செய்யிறதிலைதான் எல்லாப் பிழையும் வாறது." அவர் கேட்கப் பழகியது எழுபது வயதுக்குப் பிறகு. கடைசி வரிசையில் இருந்தவர்கள் அவர்கள்தான்.

சென்ற வருடம் அப்பாவின் ஈரலில் கட்டி கண்டுபிடித்தார்கள். கடைசிக் கிழமை வைத்தியசாலையில் இருந்தார். லேயாவுக்கு இப்போது பதினொரு வயது. வைத்தியசாலை மணமும் இயந்திரச் சத்தமும் அவளுக்கு ஆகாது. ஆனாலும் வெள்ளிக்கிழமை கூட்டிப்போனோம். அப்பாவால் கையைத் தூக்கி வைத்திருக்க முடியவில்லை. சம்பந்தி ஐயா கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து, அப்பாவின் கையைக் கீழே தன் கையால் தாங்கி, உள்ளங்கை திறந்தபடி பிடித்துக்கொண்டார். லேயா வாசலில் நின்றாள். அரை மணித்தியாலம் நின்றாள். உள்ளே வரவில்லை.

"பரவாயில்லை," என்றார் அப்பா. "கண்டிட்டா."

பிறகு என்னைப் பார்த்து, "மலர் அடிப்பியள்தானே தம்பி. நூலையும் எழுது. எங்கட ஆக்கள் எத்தினை பேர் பெட்டிக்குள்ளை நூல் வைச்சிருக்கினமோ," என்றார். ஞாயிற்றுக்கிழமை காலை அமைதியாகப் போனார்.

இறுதிக் கிரியையில் பேரப்பிள்ளைகள் பிடிக்கும் பந்தத்தைப் பிடிக்கப் பேத்தி ஏன் வரவில்லை என்றும் சிலர் கேட்டீர்கள். வந்திருந்தாள். கார் நிறுத்துமிடத்தில் சம்பந்தி அம்மாவோடு மழைத் தண்ணீரில் நடந்துகொண்டிருந்தாள். அவளுக்காக அந்த அம்மா தன் சம்பந்தியின் கடைசி முகத்தைப் பார்க்காமல் இருந்தார்.

அப்பாவைக் கடைசிவரை பராமரித்த தாதியருக்கும், கிரியைகளைச் செய்த ஐயருக்கும், முப்பத்தொரு நாளும் முறை வைத்துச் சாப்பாடு கொண்டுவந்த இக்காஸ்ட், கிரின்ஸ்டெட் உறவுகளுக்கும், தொலைவிலிருந்து அழுதவர்களுக்கும் எங்கள் நன்றி. "எங்கள் இரத்தத்தில் இல்லை" என்று முன்பு சொல்லி, இப்போது லேயாவுக்கு முன்னால் சத்தத்தைக் குறைத்துக் கதைப்பவர்களுக்கும் நன்றி.

கடைசியாகச் சம்பந்தி ஐயாவுக்கு. இறுதிக் கிரியைக்கு அடுத்த வெள்ளிக்கிழமை அவர் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது லேயா பல்கணிக் கதவடியில் அந்தக் குட்டைக் கதிரையைச் சுற்றிச் சுற்றி வந்தாள். என் கையைப் பிடித்து உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். தாயின் கையை விரித்துப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. அவள் என்ன தேடுகிறாள் என்று அப்போதுதான் எங்கள் இருவருக்கும் விளங்கியது. மேசையில் மெழுகுவர்த்தி ஏற்றியாகிவிட்டது. சம்பந்தி ஐயா எழும்பி அப்பாவின் திருநீற்றுப் பேணியைத் தேடி எடுத்தார். அவருடைய சமயத்தில் இது இல்லை. "உங்களுக்குப் பூசச் சொல்லேல்லை" என்று அப்பா எத்தனையோ தரம் அவரைப் பகிடி பண்ணியிருக்கிறார். குட்டைக் கதிரையில் சிரமப்பட்டு இருந்து, ஒரு சிட்டிகையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, கையை நீட்டினார். சூப் ஆறியது.

லேயா வந்தாள். விரலால் தொட்டாள். அவருடைய முகத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு அவர் நெற்றியில் பூசினாள்.

அவர் அதைத் துடைக்கவில்லை. எழும்பி நின்று, இரண்டு கையையும் அவள் தலைக்கு மேல் ஒரு சாண் தள்ளிப் பிடித்து, தன் வாழ்த்தைச் சொல்லி முடித்தார். முடித்த பிறகும் கையை எடுக்கவில்லை. லேயாவும் போகவில்லை. "சம்பந்தி," என்றார் அவர் வெறுங்கதிரையைப் பார்த்து, "இவ நிக்கிறா."